மெத்திலாக்கமா, மெத்திலேற்றமா?

குழும நண்பர்களுக்குக் கோத்தகிரியிலிருந்து வணக்கம்.

டி.என்.ஏ.யில் மெத்தில் என்னும் சிறு வேதித் தொகுதி சேர்வதற்கு (methylation) நம் கலைச்சொல் குழுமத்தில் முன்மொழியப்பட்ட ‘மெத்திலாக்கம்’ என்ற சொல்லை என்னால் ஏற்க இயலவில்லை. ஆவியாக்கத்தில் நீர் ஆவியாகவே மாறிவிடுகிறது. அயனியாக்கத்தில் அணு அயனியாகிறது. டி.என்.ஏ.யின் எழுத்துகளில் ஒன்றான சைட்டோசினோ மெத்திலாக மாறுவதில்லை. அதன் 5ஆம் கார்பனில் ஒரு சிறு தொகுதி ஏறி அமர்கிறது, அவ்வளவுதான். எழுத்து வரிசை அப்படியே இருக்கிறது. ஆக்சிஜனேற்றம் என்று பள்ளியிலேயே படித்துப் பழகிய நமக்கு ‘மெத்திலேற்றம்’ எளிதில் வாயில் வரும். மிகை மெத்திலேற்றம், குறை மெத்திலேற்றம், மெத்தில் நீக்கம் என்று கிளைச் சொற்களும் தடையின்றிப் பிறக்கும்.

இச்சொல் நமக்குத் தேவைப்படுவது புற்றுநோய்ச் சோதனை பற்றி எழுதும்போது. சினைப்பைப் புற்றுநோயை முதல் நிலையிலேயே கண்டறிந்தால் 100 பேரில் ஏறத்தாழ 90 பேர் 5 ஆண்டுகளைக் கடந்து வாழ்கிறார்கள். ஆனால் வயிற்று உப்புசத்தை வாயுத் தொல்லை என்றே எண்ணியிருந்து, முற்றிய பிறகு வருவோரே மிகுதி. இந்நோயைக் கண்டறிய இரத்தத்தில் அளக்கும் சி.ஏ. 125 என்னும் புரதமோ மாதவிலக்கு நாள்களில்கூட உயரக்கூடியது. பிரிட்டனில் 2 லட்சம் பெண்களிடம் நடந்த ஆய்வு, அப்புரதத்தையும் ஸ்கேனையும் கொண்டு செய்த பரிசோதனை இறப்பைக் குறைக்கவில்லை என்று 2021இல் தெரிவித்தது. ஆகவேதான் கட்டியிலிருந்து இரத்தத்தில் உதிரும் டி.என்.ஏ. துணுக்குகளில் மெத்திலேற்றத்தைத் தேடும் ஆய்வுகள் நடக்கின்றன. அச்சோதனை இன்னும் பொதுப் பரிசோதனையாக ஏற்கப்படவில்லை.

இதை ‘மரபணுச் சோதனை’ என்று எழுதிவிடக் கூடாது. அப்படி எழுதியிருந்த துண்டறிக்கை ஒன்றில், கொழுந்து பறித்துக் கறுத்த விரலை அந்தச் சொல்லின்மேல் வைத்து, “அப்ப எம் மகளுக்கும் வருங்களா?” என்று ஓர் அம்மா என்னிடம் கேட்டார். பழுதானால் இப்புற்றுநோய்க்கான வாய்ப்பைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ. 1 போன்ற மரபணுவில் பரம்பரையாக வரும் பிழையைத் தேடுவதுதான் மரபணுச் சோதனை. அதே பி.ஆர்.சி.ஏ. 1 மரபணு கட்டியில் மிகை மெத்திலேற்றத்தால் அடங்கிக் கிடப்பதும் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் வாழ்நாளில் ஏறியது, பெற்றோரிடமிருந்து வந்ததன்று. ஆதலால் ‘டி.என்.ஏ. மெத்திலேற்றச் சோதனை’ என்று முழுமையாக எழுதுவதே முறை.

இன்னொன்று. சைட்டோசினும் குவானின் என்னும் மற்றோர் எழுத்தும் அடுத்தடுத்துச் செறிந்திருக்கும் பகுதியை (CpG island) ‘சி.பி.ஜி. தீவு’ என்று பெயர்த்திருக்கிறோம். எங்கள் மலையில் புல்வெளிக்கு நடுவே ஆங்காங்கே அடர்ந்து நிற்கும் சோலையைத் திட்டு என்போம். ‘சி.பி.ஜி. திட்டு’ என்றால் அந்தச் செறிவு கண்முன் நிற்கிறது. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.