கதிர்வீச்சுக்குப் பிறகு பல் கிளிப்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். என் மகளுக்கு மூன்று வயதில் இடது கன்னத்தில் ராப்டோமயோசார்கோமா என்னும் தசைப் புற்றுநோய் வந்தது. வின்கிறிஸ்டின் முதலான மருந்துகளோடு கதிர்வீச்சும் கொடுத்தார்கள். பிழைத்துவிட்டாள்; அந்த நன்றி என்றும் உண்டு.

இப்போது 14 வயது. இடது தாடை வலதுபுறம் அளவுக்கு வளரவில்லை, முகம் ஒருபக்கம் ஒடுங்கியிருக்கிறது. அந்தப் பக்கத்தில் இரண்டு கடைவாய்ப் பற்கள் முளைக்கவே இல்லை. மற்றவற்றின் வேர்கள் கட்டையாக நின்றுவிட்டதை எக்ஸ்ரேயில் பார்த்தேன். உமிழ்நீர் குறைவு, அதனால் சொத்தை ஓயவில்லை. புகைப்படம் எடுத்தால் வலப்பக்கம்தான் காட்டுகிறாள். அதைப் பார்க்கும்போதுதான் மனம் தாங்கவில்லை.

ஒரு பல் மருத்துவர் கிளிப் போடலாம் என்கிறார். இன்னொருவர், வேர் குட்டையான பல்லை இழுத்தால் ஆடிவிடும் என்கிறார். கதிர்வீச்சு பட்ட எலும்பில் பல் பிடுங்கினால் புண் ஆறாமல் எலும்பே அழுகக்கூடும் என்பதால் எதற்கும் துணிய முடியவில்லை.

இதே நிலையில் பிள்ளைகளுக்குக் கிளிப் போட்டவர்கள் இருக்கிறீர்களா? எந்த வயதில், எவ்வளவு காலம்? தாடை அறுவைச் சிகிச்சைக்கு வளர்ச்சி முடியும்வரை காத்திருந்தீர்களா? சிறுவயதில் சிகிச்சை பெற்று வளர்ந்தவர்களே எழுதினால் அவளிடமே படித்துக் காட்டுவேன்.