புதுப்பிப்பு: டேங்க் இல்லாத கேஸ் ஹீட்டரில் சூடு மாறி மாறி வந்த சிக்கல்

குளிக்கும்போது வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் மாறி மாறி வருவது ஏன் என்பதுதான் முந்தைய கேள்வி. காரணம் இரண்டு: தண்ணீர் உள்ளே வரும் இடத்தில் இருக்கும் வடிகட்டியில் மணல், வெப்பமாற்றியில் (தண்ணீரைச் சூடாக்கும் செம்புக் குழாய்ப் பகுதி) உப்புப் படிவு. இவை நீரோட்டத்தைக் குறைத்துவிடும். நீரோட்டம் நிமிடத்துக்குச் சுமார் 2 லிட்டருக்குக் கீழே போனால் பர்னர் தானாக அணைந்துவிடும்.

உப்புப் படிவை நீக்க, மின்சாரம், கேஸ், குளிர்நீர், வெந்நீர் வால்வுகள் எல்லாவற்றையும் மூடி, உள்ளிருக்கும் அழுத்தத்தை வெளியேற்றிவிட்டு, சிறிய பம்ப் மூலம் வெள்ளை வினிகரைக் குளிர்நீர்ப் பக்கத் துளையில் செலுத்தி, வெந்நீர்ப் பக்கம் வழியாக வாளிக்கே திருப்பி, 45 நிமிடம் சுழலவிட வேண்டும். பிறகு 5 நிமிடம் நல்ல தண்ணீரில் அலசல். வடிகட்டிக்குப் பழைய பல்துலக்கியே போதும்.

பாத்ரூம் கழுவும் ஆசிட் வேண்டவே வேண்டாம், செம்பை அரித்துவிடும். உப்புத் தண்ணீர் என்றால் ஆண்டுக்கு ஒருமுறையாவது இதைச் செய்தாக வேண்டும். பொருத்தும்போதே சர்வீஸ் துளையுள்ள (வினிகர் செலுத்தப் பம்பை இணைக்கும் துளை) வால்வுகளைக் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் குழாயைக் கழற்ற வேண்டியிருக்கும்.