புதுப்பிப்பு: தாமதமான, உடைந்த பெட்டி குறித்த முந்தைய இழைக்கு ஒரு திருத்தம்

பெட்டி வராவிட்டால் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன் பி.ஐ.ஆர். அறிக்கை (பெட்டி வரவில்லை அல்லது சேதம் என்று அங்கேயே பதிவுசெய்து தரும் படிவம்) வாங்குங்கள் என்று முந்தைய இழையில் எழுதியிருந்தேன். அது சரிதான், ஆனால் அது மட்டும் போதும் என்பதுபோல் எழுதியது தவறு. அந்த அறிக்கை பெட்டியைத் தேடுவதற்கானது. இழப்பீட்டுக்கு விமான நிறுவனத்திடம் தனியாக, எழுத்தில் புகார் தருவதே பாதுகாப்பு.

சர்வதேசப் பயணங்களுக்குப் பெரும்பாலும் பொருந்தும் 1999 மான்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி, பெட்டி சேதமென்றால் கைக்கு வந்த 7 நாட்களுக்குள் எழுத்துப் புகாரைத் தந்துவிட வேண்டும் அல்லது அனுப்பிவிட வேண்டும். தாமதமென்றால், பெட்டி கிடைத்த நாளிலிருந்து 21 நாட்கள். வரவேண்டிய நாளிலிருந்து 21 நாட்களாகியும் வரவில்லையா? தொலைந்ததாகவே கருதிக் கேட்கலாம். வழக்குக்கு 2 ஆண்டுகள். கெடு தவறினால், நியாயம் முழுக்க உங்கள் பக்கம் இருந்தாலும் கோரிக்கை விழுந்துவிடும். பலர் தோற்பது இங்கேதான்.

2024 டிசம்பர் 28 முதல் பெட்டிக்கான உச்சவரம்பு ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். (பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு; நாட்டு நாணயத்துக்கு மாற்றித் தருவார்கள்). அது தானாகக் கிடைக்கும் தொகை அல்ல. நிரூபித்த இழப்புக்கு மட்டுமே பணம். எனவே போர்டிங் பாஸ், பெட்டியின் டேக், உடைந்த இடத்தின் படம், அவசரமாக வாங்கிய துணி, சோப்பு ரசீதுகள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள்.

கவுன்ட்டரில் நிற்பவர் பல இடங்களில் ஒப்பந்த நிறுவன ஊழியர். இழப்பீட்டை முடிவுசெய்யும் அதிகாரம் பெரும்பாலும் அவருக்குக் கிடையாது. அவரிடம் கத்துவது அநியாயம், பயனுமில்லை. அறிக்கை எண்ணை மட்டும் விடாமல் கேட்டு வாங்குங்கள்.