வெட்சித் தடி துளிர்க்கிறது, பிறகு கருகுகிறது

மூன்றாம்மாடி (வெள்ளவத்தை):
திருகோணமலையில் அம்மா வீட்டு வேலியோரம் நிற்கும் பழைய வெட்சி. ஆள் உயரம், கடையில் விற்கிற குட்டை எக்சோரா இல்லை. வைகாசியில் எட்டுத் தடி முறித்து, ஈரச் சீலையில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தேன். நல்ல கொம்போஸ்ட் போட்ட சாடியில் ஊன்றினேன். இரண்டாம் கிழமை ஐந்தில் துளிர்! வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். நாலாம் கிழமை அத்தனையும் கறுத்துவிட்டன. பிடுங்கிப் பார்த்தால் வேரே இல்லை. எங்கே பிழை?

கிழட்டுக் கத்தரிக்கோல் (தெகிவளை):
பிள்ளை, அந்தத் துளிர் தடிக்குள் இருந்த சேமிப்பில் வந்தது. வேர் வருமுன் சேமிப்பு தீர்ந்துவிட்டது. கொம்போஸ்டும் வேண்டாம். நம் மழைக்காலத்தில் அது ஈரத்தைப் பிடித்துவைத்து அடியை அழுகவைக்கும். கழுவிய ஆற்று மணலும் தும்புத்தூளும் பாதிக்குப் பாதி போதும்.

பூத்த கிளையை விடுங்கள். பச்சை மாறி மண்ணிறமாகத் தொடங்கும் கிளையில் ஒரு சாண் எடுத்து, கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். வெட்சிக்குக் கணு நெருக்கம், ஆகவே இரண்டு கணுவாவது மண்ணுக்குள் போகட்டும். மேலே இரண்டு இலை, அவையும் பாதியாக. பிறகு அடி வெட்டிய தண்ணீர்ப் போத்தலால் மூடி, நேர்வெயில் படாத இடத்தில் வையுங்கள். உங்கள் பக்கம் கடற்காற்று வேறு. மூடாவிட்டால் இலை ஒரு நாளில் சுருளும். ஆறு, எட்டுக் கிழமை ஆகும். இடையில் இழுத்துப் பார்க்கிற கை இருக்கிறதே, அதைக் கட்டிவையுங்கள். நானும் அப்படித்தான் பல தடிகளைக் கொன்றேன்.

நொச்சிவேலி (கொட்டாஞ்சேனை):
கை பழக முதலில் நொச்சியும் ஆடாதோடையும் வைத்துப் பாருங்கள். இரண்டும் சொன்னபடி கேட்கும். வெட்சி கொஞ்சம் பிகு பண்ணும். சிங்களத்தில் இதுதான் ரத்மல். இரத்மலானைக்குப் பெயர் வந்ததே இதனால் என்பார்கள். இப்போது அங்கே தேடினாலும் குட்டை எக்சோராதான் கண்ணில் படுகிறது.

மூன்றாம்மாடி:
ஆவணியில் தம்பி வரும்போது மறுபடி ஆறு தடி கொண்டுவந்தான். யோகட் கப்பில் ஓட்டை போட்டு, ஐயா சொன்னபடி மணலும் தும்புத்தூளும் கலந்து வைத்தேன். பத்தாம் கிழமை கப்பின் அடியில் வெள்ளை வேர் எட்டிப்பார்த்தது. ஆறில் இரண்டு. நொச்சி நாலும் தப்பிவிட்டது. இனி மூடிவைத்த போத்தலை ஒரேயடியாக எடுக்கலாமா?

கிழட்டுக் கத்தரிக்கோல்:
வேண்டாம். முதல் நாள் ஒரு மணித்தியாலம், அப்புறம் இரண்டு. பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள்.