‘எனக்குக் கணக்கு ஏலாது’: திரும்ப ஓ.எல். எடுக்கிறவங்களோட அனுபவம்

கல்லடியிலிருந்து:
வேலைக்குப் போய்க்கொண்டு ஓ.எல். (இலங்கையில க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை) கணக்கைத் திரும்ப எடுக்கிற ஆக்கள் கனபேர், விண்ணப்பம் போட்ட கையோட பின்வாங்குறாங்க. பதினாறு வயசுப் பிள்ளைகளோட வாங்கில குந்துற வெட்கம் ஒரு பக்கம், ‘ஏலாது’ எண்ட எண்ணம் மறுபக்கம். முதல்ல அந்த ‘ஏலாது’வைப் புள்ளியா மாத்துங்க. ரெண்டு தாளுக்கும் சேர்த்து 200 புள்ளி. சாதாரண சித்திக்கு 35 வீதம், அதாவது 70. முதலாம் தாள் ஏ பகுதியில 25 சின்னக் கேள்வி, ஒண்டுக்கு 2 புள்ளி. 15 சரி வந்தால் 30 கையில. மிச்சம் 40தான்.

பழைய தாள் ஒண்டில ஏ பகுதியை மட்டும், நேரம் பாராமச் செய்யுங்க. பிழைகளை மூணாப் பிரியுங்க: விளங்காதது, கூட்டல் கழித்தல்ல சறுக்கினது, கேள்வியை அரைகுறையா வாசிச்சது. கடைசி ரெண்டு வகைக்கும் புதுசாப் படிக்க ஒண்டுமில்ல.

அக்கரைப்பற்றிலிருந்து:
கல்லடி நானா சொல்றது சரி. அதுக்குப் பிறகு இருபடிச் சார்பு வரைபுக்கு (x² வாற சமன்பாட்டுக்குக் கீறுற வளைகோடு) போங்க. அட்டவணையில விடுபட்ட பெறுமானம் கேப்பாங்க. (−1)² ஐ −1 எண்டு எழுதுறதுதான் வழமையான பிழை, சரி +1. பிரதியிடும்போது அடைப்புப் போடாததால வாறது. சமச்சீர் அச்சுக்கு (வளைகோட்டை நடுவால சரிபாதியாப் பிரிக்கிற கோடு) ரெண்டு பக்கமும் சம தூரத்தில இருக்கிற பெறுமானங்கள் ஒண்டா வரணும். வரல்லையெண்டா அந்த வரியைத் திரும்பச் செய்யுங்க. விடையைப் பாக்காம, டீச்சரையும் கேக்காம, தன்ட பிழையைத் தானே பிடிக்கிற இடம் இது. பயம் இங்கதான் இறங்குது. வீட்டாக்கள் ‘உன்னால ஏலும்’ எண்டு சொல்றது ரெண்டு நாளைக்குத்தான் நிக்கும். செஞ்சு முடிச்ச அனுபவம்தான் நம்பிக்கைக்குப் பெரிய ஊற்று எண்டு 1977இல உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூராவும் எழுதினார்.

இடை (சராசரி) காணுற கணக்கிலும் இப்படி ஒரு சோதிப்பு இருக்கு. 20க்கும் 50க்கும் நடுவில உள்ள தரவுக்கு இடை 63 வந்தா, மீடிறனோட (ஒரு பெறுமானம் எத்தனை தரம் வருது எண்ட எண்ணிக்கை) பெருக்கின நிரலைத்தான் முதல்ல பாக்கணும்.

கல்முனையிலிருந்து:
ஒண்டு விட்டுப்போச்சு. சந்தேகம் பிடிச்ச ஆக்கள் அழிச்சு அழிச்சுத்தான் புள்ளியை விடுறாங்க. கடைசி விடை பிழைச்சாலும் படிமுறைக்குப் புள்ளி உண்டு. சரியான வழியை எழுதிட்டு, விடை ‘வடிவா இல்ல’ எண்டு முழுசா வெட்டினா அதுவும் போயிரும். புதுசா எழுதி முடிக்கிற வரைக்கும் பழையதை வெட்டாதீங்க.

கடைசி ரெண்டு கிழமை புதுப் பாடம் தொடவேணாம். ரெண்டாம் தாளை மூணு மணித்தியாலம் ஒரே இருப்பில, போனைப் பக்கத்து அறையில வெச்சிட்டுச் செஞ்சு பழகுங்க. வாசிக்கத் தாற 10 நிமிடத்தில ஏ பகுதியில 5 கேள்வி, பி பகுதியில 5 கேள்வி எண்டு தெரிவு செஞ்சு வெச்சு, வரைபையோ இடையையோ முதல்ல எழுதுங்க. கேத்திரகணித நிறுவல் கடைசியில.