அதிக் அகமது அஞ்சு தடவ எம்எல்ஏ ஆனது எப்படி? தெரிஞ்சவங்க சொல்லுங்க

கோத்தகிரிக்காரன்:
எல்லாருக்கும் வணக்கங்க. கோடநாடு வியூ பாயிண்ட்ல நின்னா கீழ மாயாறு, தெங்குமரஹடா, அதத் தாண்டி சத்தியமங்கலம் காடு எல்லாம் தெரியும், சின்ன வயசுல பெரியவங்க அந்தக் காட்டக் காட்டி வீரப்பன் கதைதான் சொல்வாங்க. அதனால பெரிய கிரிமினல்னா போலீசுக்கு பயந்து ஒளிஞ்சு வாழ்றவன்னுதான் எனக்கு பதிஞ்சு போச்சு. ஆனா வீரப்பன சுட்ட அதே 2004ல உத்தரப்பிரதேசம் அலகாபாத்ல (இப்ப பிரயாக்ராஜ்) அதிக் அகமதுன்னு ஒருத்தர், அதுவும் நேரு நின்னு ஜெயிச்ச பூல்பூர் தொகுதியில, சமாஜ்வாதி கட்சி எம்பியா ஜெயிக்கிறாரு. அதுக்கு முன்னாடியே 1989லருந்து அஞ்சு தடவ எம்எல்ஏ. 1979லயே, 17 வயசுல, அவர் மேல கொலை கேஸ் இருக்கு. வெலிங்டன்ல என்கூட வேல செய்யற பிரயாக்ராஜ் பையன்ட்ட கேட்டா "எங்க மொகல்லாவுக்கு (பேட்டைக்கு) அவரு நல்லதுதான் பண்ணாரு"ங்கறான். 2023ல டிவி லைவ்ல அவரயும் தம்பியயும் சுட்டத எல்லாரும் பாத்தோம், அதப் பத்திதான் எல்லாரும் பேசறாங்க. எனக்கு அது இல்ல கேள்வி. ஜனங்க எப்படி ஓட்டு போட்டாங்க, இத்தன வருஷம் கோர்ட்டு என்ன பண்ணுச்சு?

அருவங்காடு மணி:
தம்பி, நான் பட்டாளத்துல இருந்தப்ப அலகாபாத் கன்டோன்மென்ட்ல போஸ்டிங். அந்த ஊர் கொஞ்சம் தெரியும். அவங்க அப்பா குதிர வண்டி ஓட்டினவரு, வீடு சக்கியாங்கற ஏரியா, சாதாரண குடும்பம். ரயில்வே பழைய இரும்பு டெண்டர்தான் முதல் காசு, வேற யாரும் டெண்டர் போட வரமாட்டாங்க, வந்தா என்ன ஆகும்னு ஊருக்கே தெரியும். அப்புறம் நிலம். அந்த ஏரியாவுல சாந்த் பாபான்னு இன்னொரு தாதா இருந்தான், 1989 எலக்சன்ல ரெண்டு பேரும் எதிரெதிரா நின்னாங்க, இவரு சுயேச்சையா ஜெயிச்சாரு, சாந்த் பாபா கொலையாயிட்டான். அதுக்கப்புறம் அந்த ஏரியாவுல இவர எதுக்க ஆள் இல்ல. 89, 91, 93 மூணுமே சுயேச்சை. 96ல சமாஜ்வாதி டிக்கெட், 2002ல அப்னா தளம். அதாவது கட்சி இவர வளத்துவிடல, ஏற்கனவே ஜெயிக்கிற ஆளுன்னு தெரிஞ்சு கட்சிங்க தேடி வந்தாங்க. ஓட்டு போட்டவங்க எல்லாரையும் கெட்டவங்கன்னு சொல்லிட முடியாது தம்பி. போலீஸ் ஸ்டேஷன் போனா ஏழைக்கு நியாயம் கிடைக்காது, கலவரம் வந்தா காப்பாத்த ஆள் வேணும், கல்யாணத்துக்கு காசு வேணும், இவரு வாசல்ல போய் நின்னா காரியம் நடக்கும். உங்க ஃப்ரெண்ட் சொல்றது அதுதான். ஆனா அதே தெருவுலயே நிலத்தப் பறிகொடுத்தவனும் இருந்தான், அவன் வாயத் தொறக்க மாட்டான். நான் இருந்தப்ப கடையில டீ குடிச்சுட்டு சும்மா அவர் பேரச் சொன்னாலே பக்கத்துல இருக்கறவன் பேச்ச மாத்திடுவான்.

லவ்டேல் பிரபு:
என்னத்துக்கு இவ்ளோ ஆராய்ச்சி. நூறு கேஸுக்கு மேல இருந்தவன், கோர்ட்டு ஒண்ணும் பண்ணல, என்கவுன்டர் பண்ணாங்க, கதை முடிஞ்சது. அதுதான் சரி.

ஊட்டி வக்கீல்:
பிரபு தம்பி, முதல்ல ஒண்ணு, அவர் என்கவுன்டர்ல சாகல. என்கவுன்டர்ல செத்தது அவர் பையன், ஜான்சி பக்கத்துல, 2023 ஏப்ரல் 13. ரெண்டு நாள் கழிச்சு ஏப்ரல் 15 ராத்திரி, போலீஸ் காவல்ல கைவிலங்கோட மெடிக்கல் செக்கப்புக்கு கூட்டிட்டுப் போறப்ப ரிப்போர்ட்டர் மாதிரி வந்த மூணு பேர் அதிக்கையும் தம்பி அஷ்ரஃபையும் சுட்டாங்க. கோர்ட்டு ஒண்ணும் பண்ணலன்னு சொல்றீங்க, ஏன் பண்ண முடியலன்னு பாருங்க, அங்கதான் மொத்த விஷயமே இருக்கு.

2004ல அதிக் எம்பி ஆனதால காலியான எம்எல்ஏ சீட்டுக்கு தம்பி அஷ்ரஃப நிறுத்தினாங்க. பகுஜன் சமாஜ் கட்சி ராஜு பால் அவர தோக்கடிச்சாரு. 2005 ஜனவரி 25 பட்டப்பகல்ல ராஜு பாலச் சுட்டுக் கொன்னாங்க, கல்யாணம் ஆகி ஒம்பது நாள்தான் ஆச்சு. அந்தக் கேஸ்ல சாட்சி உமேஷ் பால். 2006ல அவரக் கடத்திட்டுப் போய், நான் அங்க இல்லவே இல்லன்னு கோர்ட்டுல சொல்ல வச்சாங்க. இத அவர் எப்ப போலீஸ்ல புகார் பண்ண முடிஞ்சதுன்னு நினைக்கிறீங்க? 2007ல சமாஜ்வாதி ஆட்சி போய் மாயாவதியோட பகுஜன் சமாஜ் ஆட்சி வந்தப்புறம். ஆட்சி மாறினாத்தான் எஃப்ஐஆரே போட முடியும்னா அரசியல் தொடர்புங்கறதுக்கு வேற விளக்கம் வேணுமா? 2012ல அதிக்கோட ஜாமீன் மனுவ அலகாபாத் ஹைகோர்ட்ல பத்து ஜட்ஜுங்க ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா விசாரிக்காம விலகிட்டாங்க. ஜெயில்லயும் அதே கதைதான், லக்னோ வியாபாரி ஒருத்தர தேவரியா ஜெயிலுக்கே தூக்கிட்டு வந்து அடிச்சு சொத்த எழுதி வாங்கினதா கேஸ், அதுக்கப்புறம்தான் சுப்ரீம் கோர்ட்டு 2019ல அதிக்க குஜராத் ஜெயிலுக்கு மாத்தச் சொல்லுச்சு.

எலக்சன்ல நிக்க எப்படி முடிஞ்சதுன்னா, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்துல தண்டனை ஆனாத்தான் தகுதி போகும், கேஸ் இருந்தா போகாது. ஜெயில்ல இருக்கறவருக்கு ஓட்டு போட உரிமை இல்ல, ஆனா வேட்பாளரா நிக்கலாம். இவருக்கு முதல் தண்டனை 2023 மார்ச் 28, அந்தக் கடத்தல் கேஸ்ல, ஆயுள். முதல் கொலை கேஸுக்கும் இதுக்கும் நடுவுல 44 வருஷம். அந்தத் தீர்ப்ப உமேஷ் பால் பாக்கல, அதுக்கு ஒரு மாசம் முன்னாடி பிப்ரவரி 24 அவர் வீட்டு வாசல்லயே கொன்னுட்டாங்க, பாதுகாப்புக்கு இருந்த ரெண்டு போலீஸ்காரங்களும் செத்தாங்க. எனக்கு ராத்திரி தூக்கம் வராம பண்ணது இந்த மரணம்தான். 17 வருஷம் விடாம நின்ன ஒரு சாட்சி.

அதனாலதான் சுட்டது சரின்னு என்னால சொல்ல முடியல. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் உயிரோட கோர்ட்டுல நின்னிருந்தா எந்தக் கட்சிக்காரன், எந்த போலீஸ் அதிகாரி, யாரு காசுன்னு வெளிய வந்திருக்கும். இப்ப அவனுங்கள்ல பாதிப்பேர் நிம்மதியா இருப்பான். ராஜு பால் கொலைக்கு 2024 மார்ச்ல சிபிஐ கோர்ட்டு ஏழு பேருக்கு தண்டனை குடுத்துச்சு, ஆனா முக்கிய குற்றவாளின்னு சொல்லப்பட்ட ரெண்டு பேரும் அந்தத் தீர்ப்புக்கு முன்னாடியே செத்துட்டாங்க.

கோத்தகிரிக்காரன்:
ரொம்ப நன்றிங்க வக்கீல் சார், மணி அண்ணா. உமேஷ் பால் விஷயம் எனக்கு தெரியாது சார், படிச்சுட்டு மனசே சரியில்ல. இன்னொண்ணு கேட்கறேன். எங்க சொந்தக்காரர் ஒருத்தர் கொலை முயற்சி கேஸ் ஒண்ணுல சாட்சிங்க. ஒரு மாசமா ராத்திரியில போன் பண்ணி, சாட்சி சொல்லப் போனா மலையேறி வீட்டுக்கு வரமாட்டன்னு மிரட்டறாங்க. அவரு பயந்து பின்வாங்கலாமான்னு இருக்காரு. நம்ம ஊர்ல அவருக்கு ஏதாவது வழி இருக்கா?

ஊட்டி வக்கீல்:
இருக்கு தம்பி, பின்வாங்க வேண்டாம்னு சொல்லுங்க. 2018 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட்டு சாட்சி பாதுகாப்புத் திட்டத்த நாடு முழுக்க சட்டம் மாதிரியே நடைமுறைப்படுத்தணும்னு சொல்லிருச்சு. இப்ப பழைய சிஆர்பிசிக்கு (குற்ற விசாரணை நடைமுறைச் சட்டம்) பதிலா வந்த புது பிஎன்எஸ்எஸ் சட்டத்துல அதுக்கு 398வது பிரிவும் இருக்கு. மாவட்ட நீதிபதி தலைமையில ஒரு கமிட்டி, அதுல எஸ்பி மெம்பர், அரசுத் தரப்பு வழக்கு நடத்துற பிரிவோட மாவட்டத் தலைவர்தான் செயலாளர், மனுவ அவர்கிட்ட குடுக்கணும். சாட்சியே குடுக்கலாம், வீட்டு ஆளுங்க, வக்கீல் யாரு வேணா குடுக்கலாம். டிஎஸ்பி கிட்ட மிரட்டல் எவ்வளவு தீவிரம்னு ரிப்போர்ட் கேப்பாங்க, அஞ்சு வேலை நாள்ல குடுக்கணும்னு திட்டத்துலயே இருக்கு. வீட்டுப் பக்கம் ரோந்து, கேமரா, கோர்ட்டுக்கு போலீஸ் வண்டியில கூட்டிட்டுப் போறது, குற்றவாளி முகத்தப் பாக்காம சாட்சி சொல்றதுன்னு கேக்கலாம். கொலை முயற்சின்னா கண்டிப்பா இந்தத் திட்டத்துக்குள்ள வரும். போன் வந்த நம்பர், தேதி, நேரம் எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதி வைக்கச் சொல்லுங்க, எதையும் டெலீட் பண்ண வேண்டாம். திங்கட்கிழம அவரக் கூட்டிட்டு ஊட்டி கோர்ட்டுக்கு வாங்க, மனு நானே எழுதித் தரேன், ஃபீஸ் எல்லாம் வேண்டாம்.