ஜூலையில் வால்பாறை: பாக்கெட் கேமரா எது?

தேயிலைச்சரிவு:
ஜூலையில் வால்பாறை, மழை ஓய்ந்தபின் கொழுக்குமலை. நடை அதிகம், அதனால் டிஎஸ்எல்ஆர் வேண்டாம். 350 கிராமுக்குள் இருக்கணும், பாக்கெட்டில் அடங்கணும். எடுக்கப்போவது பனிமூட்டம், அருவி, சோலைக்காடு, கண்ணில் பட்டால் சோலைமந்தி. சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7, ரிக்கோ ஜிஆர் 3, ஓஎம் சிஸ்டம் டிஜி-7 மூன்றில் குழம்பி நிற்கிறேன். எது வாங்கலாம்?

எஃப்நான்கு:
மார்க் 7-இன் 24–200 மி.மீ. ஜூம் ஆசை காட்டும். ஆனால் 200-இல் அது எஃப் 4.5 (எஃப் எண் கூடக் கூட லென்ஸ் துளை சுருங்கும், வெளிச்சம் குறையும்). மழை நாளில் மரம் மூடிய சோலைக்குள், தாவும் மந்திக்கு 1/250 நொடி வைத்தால் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 3200-ஐத் தாண்டிவிடும். 1 இன்ச் சென்சாரில் அந்த அளவில் ரோமமெல்லாம் மெழுகு பூசினாற்போல ஆகிவிடும். வால்பாறையின் புதுத்தோட்டம் பக்கம் மந்திகள் சாலையோரமே வரும், வெளிச்சம் இருந்தால் 200 போதும். இருவாச்சிப் பறவைக்குப் போதாது.

அருவிதான் பெரிய சிக்கல். மார்க் 7-க்குள் என்டி ஃபில்டர் (ஒளியைக் குறைத்து ஷட்டரை அதிக நேரம் திறக்கவிடும் கண்ணாடி) இல்லை, லென்ஸ் முன்னால் ஃபில்டர் திருக மரையும் இல்லை. நிழல் விழுந்த அருவியில் ஐஎஸ்ஓ 125, எஃப் 8 வைத்தால் சுமார் 1/80 நொடி வரும். தண்ணீர் பட்டுப்போல வராது. எஃப் 11-க்கு மூடலாமே என்றால், டிஃப்ராக்‌ஷனால் (சிறிய துளையில் ஒளி விரிந்து பரவுவதால்) படம் மொத்தமும் மழுங்கும். இந்தச் சென்சாரில் எஃப் 4-க்கே ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமராவின் எஃப் 11 அளவுக்கு ஃபோகஸ் ஆழம் கிடைக்கிறது, நிலக்காட்சிக்கு அதுவே தாராளம்.

என் தேர்வு உங்கள் பட்டியலில் இல்லாத சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 5ஏ: 24–70 மி.மீ., எஃப் 1.8–2.8, உள்ளேயே 3 ஸ்டாப் என்டி (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும்). அதே அருவி 1/10 நொடிக்கு இறங்கும். கேனான் ஜி7எக்ஸ் மார்க் 3-இலும் என்டி உண்டு, 100 மி.மீ. வரை போகும். ஆனால் வியூஃபைண்டர் கிடையாது. கொழுக்குமலையில் வெயில் ஏறிய பிறகு திரையில் ஒன்றும் தெரியாது. ஜூமே வேண்டாம் என்பவருக்கு ஜிஆர் 3. ஏபிஎஸ்-சி சென்சார் (1 இன்ச்சைவிடப் பெரியது), 257 கிராம், 2 ஸ்டாப் என்டி. வியூஃபைண்டர் இதிலும் இல்லை. பேட்டரி 200 படத்தில் படுத்துவிடும், கூடுதலாக இரண்டு வேண்டும்.

ரப்பர்வளையம்:
மேலே சொன்ன எதுவும் ஜூலை மழைக்குத் தாங்காது சார். ஆன் செய்ததும் லென்ஸ் குழல் வெளியே நீள்கிறதே, அது நீளும்போதும் சுருங்கும்போதும் காற்றை உறிஞ்சித் தள்ளும். ஈரமும் தூசியும் அந்த வழியாகத்தான் உள்ளே போகின்றன. ஜிஆரும் இதற்கு விலக்கல்ல, சென்சாரில் தூசி என்று அதிகம் புலம்பப்படுவதே அதுதான்.

டிஜி-7-இல் லென்ஸ் வெளியே வராது, 15 மீட்டர் ஆழம் தாங்கும். மைக்ரோஸ்கோப் மோடில் லென்ஸுக்கு 1 செ.மீ. முன்னால் இருப்பதையும் ஃபோகஸ் செய்யும்: பாசி, தவளை, உங்கள் காலில் ஏறும் அட்டை! குறைகளும் உண்டு. சென்சார் செல்போன் அளவுதான், ஷட்டர் வேகத்தை நேராக அமைக்க மோடே கிடையாது. நிலக்காட்சிக்காக மட்டும் என்றால் வாங்காதீர்கள். பேட்டரி மூடியின் ரப்பர் பேக்கிங்கில் ஒரு முடி சிக்கினாலும் நீர் புகும். மூடுமுன் துடைத்துப் பாருங்கள்.

எந்தக் கேமராவானாலும் ஏசி காரிலிருந்து அப்படியே வெளியே எடுக்காதீர்கள், கண்ணாடியில் ஆவி படியும். ஜிப் கவரில் போட்டு மூடியபடியே வெளியே கொண்டுவந்து அரை மணி நேரம் விடுங்கள். கவரின் வெளிப்பக்கம் வியர்க்கட்டும்.

தேயிலைச்சரிவு:
அருவிதான் முக்கியம், மார்க் 5ஏ பக்கம் சாய்கிறேன். பழையது வாங்கினால் எதைச் சோதிக்கணும்?

எஃப்நான்கு:
வெள்ளைச் சுவரை ஃபோகஸ் இல்லாமல் எஃப் 11-இல் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கரும்புள்ளி தெரிந்தால் தூசி. உடலைப் பிரிக்காமல் போகாது. அடுத்து எஃப் 1.8-இல் 30 நொடி ஷட்டரைத் திறந்து வைத்து, முன்னாலிருந்து சாய்வாக டார்ச் அடியுங்கள். நூலாம்படைபோலத் தெரிந்தால் ஃபங்கஸ், அந்த இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பத்து முறை ஆன்-ஆஃப் செய்து குழல் சிக்காமல் போய்வருகிறதா என்று பாருங்கள். மேலே எழும் வியூஃபைண்டரையும் நாலைந்து முறை தூக்கி இறக்குங்கள்.

பனிமூட்டத்தில் எக்ஸ்போஷரை +0.7 முதல் +1 வரை ஏற்றுங்கள், இல்லாவிட்டால் மீட்டர் வெண்மையைச் சாம்பலாக்கிவிடும். கொழுக்குமலைச் சூரிய உதயத்துக்கு நேர்மாறு: −0.7, ரா ஃபைலில் (கேமரா பதப்படுத்தாத மூலப் பதிவு).

ரப்பர்வளையம்:
5ஏ என்றால் சின்னக் குடையும் மைக்ரோஃபைபர் துணி இரண்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தூறும்போது குடைக்கு வெளியே குழலை நீட்டாதீர்கள். அறைக்கு வந்ததும் காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். தோல் உறை வேண்டாம், ஈரத்தைப் பிடித்துவைத்து ஃபங்கஸை வளர்க்கும்.